இருவரும் வேண்டாமென்ற அறை

வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்யாவிட்டால் கடையைச் சாமான்களோடு சேர்த்து இடித்துவிடுவார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். சோபா, நாற்காலிகளுக்கு மெத்தை தைக்கும் குஷன்காரர் செருப்புத் தேய அலைந்து கடைசியில் ஓர் அறையைக் கண்டுபிடித்தார். சோபா நுழைகிற அளவுக்கு அகலமான கதவு. நாலு கடை தள்ளிப் பள்ளிவாசல். வேறென்ன வேண்டும்?

“வேற யாராவது கேட்டாங்களா?” என்றார் அறையை வாடகைக்கு விடும் கட்டடக்காரரிடம். வாய் சும்மா இருந்தால்தானே!

“நேத்து ஒரு சலூன்காரர் வந்தார். வாடகையெல்லாம் பேசி முடிச்சாச்சு. முன்பணம்தான் தரல. நீங்க இப்பவே தந்தா சாவி உங்களுக்கு.”

சட்டைப்பைக்குள் போன கை வெறுமனே வெளியே வந்தது. ஒருவர் பேசிய பேரத்தின்மேல் இன்னொருவர் பேரம் பேசக் கூடாது என்பது நபிகள் நாயகத்தின் வாக்கு. சிறுவயதில் ஓதியது, நேரம் பார்த்துக் கழுத்தைப் பிடித்தது.

“அவர் வேண்டாம்னா சொல்லி அனுப்புங்க” என்று படியிறங்கிவிட்டார்.

“பன்னெண்டு நாற்காலிக்கு வேலை வாங்கி வச்சிருக்கீங்க. எங்க வச்சுத் தைப்பீங்க, என் தலையிலயா?” என்றாள் மனைவி.

“மார்க்கம் சொல்லுதேம்மா…”

“மார்க்கத்தை நான் குறை சொல்லல. உங்க நேரத்தைத்தான் சொல்றேன்” என்றவள், கட்டிலைத் தானே சுவரோரம் தள்ளி, வீட்டுக்குள் நாற்காலிகளுக்கு இடம் ஒதுக்கினாள்.

வியாழக்கிழமை கட்டடக்காரர் போனில் கத்தினார். “உங்க ரெண்டு பேருக்கும் என்னய்யா வியாதி? உங்க கடையை இடிக்கிற கதையைச் சொல்லித் தொலைச்சேன். சலூன்காரர் ‘அப்ப அவருக்கே கொடுங்க’ன்னு போயிட்டார்!”

சலூன்காரருக்கு நன்றி சொல்லப் போன குஷன்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு நாற்காலி, அதுவும் பஞ்சு பிதுங்கியபடி. சலூன்காரர் முதுகை வளைத்துக்கொண்டு ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் இடம் வேணும்தானே, அண்ணே?”

“வேணும்தான். ஆனா என்னை யாரும் இடிக்க வரலையே.”

குஷன்காரர் மனதுக்குள் அந்த அறையை அளந்தார். “முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் எனக்கு. வாடகை சரிபாதி.”

“முடி பறந்து உங்க பஞ்சுல விழுமே?”

“நடுவுல ஒரு திரை தைச்சுடறேன். அதையும் மீறி விழுந்தா, வாங்கறவர்கிட்ட சொல்லிட்டுத்தான் விக்கணும். குறையை மறைக்கக் கூடாதுல்ல?”

சலூன்காரர் சிரித்த சிரிப்பில் கத்தரி நின்றது. நாற்காலியில் இருந்தவர்தான் பாவம், பாதித் தலையோடு காத்திருந்தார்.

மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்து இருவரும் சாமான்களோடு வந்தார்கள். கட்டடக்காரர் சாவியை நீட்டினார்.

“அவர்கிட்ட கொடுங்க” என்றார் குஷன்காரர்.

“இல்ல, அவர்கிட்ட” என்றார் சலூன்காரர்.

கட்டடக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தெருவில் இறங்கிப் போய், தன் சொந்தக் காசில் இன்னொரு சாவி செய்துகொண்டு வந்தார்.