சேறு பூசிய கால்கள்

நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் முப்பது வருஷம் பம்ப் ஓட்டியவர் அவர். அங்கே குளக்கரைக்கு வரும் பறவைகளை எண்ணி நோட்டில் எழுதுவது அவராகவே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. இப்போது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். இனிப் பார்வை திரும்பாது என்று டாக்டர் அவர் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். தையல் வேலை செய்யும் அவளுக்கு அதை அவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. "கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று மூன்று வாரமாகச் சமாளித்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலை அவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டு, பைனாகுலரைத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, ஒரு பொடிசு. சிட்டுக்குருவி அளவுதான். சேத்துல நிக்குது."

"குட்டி உள்ளான். கால் என்ன நிறம்?"

"மஞ்சள்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. குட்டி உள்ளானில் கறுப்புக்கால் வகைதான் இங்கே கூட்டம் கூட்டமாக வரும். மஞ்சள்கால் அவர் நோட்டில் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

"அடி சக்கை! முப்பது வருஷம் எனக்குப் போக்குக் காட்டிட்டு, உனக்குக் காட்சி குடுக்குது பாரேன்!"

அதற்குள் பறவை தண்ணீரில் இறங்கியது. காய்ந்த சேறு கரைந்து, கால் கன்னங்கரேலென்று தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறார்!

"எப்படி மேயுது?"

"தையல் மெஷின் ஊசி கணக்கா டக்கு டக்குனு குத்திக்கிட்டு, ஒரே ஓட்டம்."

அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"மஞ்சள்கால் அப்படி ஓடாதும்மா. தொலைச்ச ஊசியைத் தேடுற மாதிரி குனிஞ்சு, மெதுவா நகரும். கால்ல சேறு ஒட்டியிருந்திருக்கும். இப்ப பாரு."

பைனாகுலர் அவள் மடியில் இறங்கும் சத்தம் கேட்டது.

"முன்னாடியே பாத்துட்டியா?"

"ம்."

எரிந்து விழுவார் என்று நினைத்தாள். அவரோ தடவித் தடவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கறுப்புனு எழுது. எனக்காகத்தான் மறைச்சே, தெரியும். ஆனா உன் கண்ணும் பொய் சொன்னா, நான் எதை வச்சுப் பாக்கறது?"

கறுப்புக்கால், ஒன்று என்று எழுதினாள். அன்பு என்று நினைத்து அவரை இன்னும் இருட்டில் அல்லவா உட்கார வைத்திருக்கிறோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது. கடவுளை மனசுக்குள் ஒருமுறை கூப்பிட்டாள்.

"என்னங்க... டாக்டர் சொன்னதையும் மறைச்சுட்டேன். பார்வை இனிமே வராதாம்."

அவர் கன்னத்தில் வழிந்ததை அவள்தான் துடைத்துவிட்டாள். பிறகு கரகரத்த குரலில் கேட்டார்.

"அந்த உள்ளான் இன்னும் இருக்கா?"

"இருக்குங்க."

"சொல்லு."

தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு, பார்ப்பதைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள்.