ஹமீட் நானா கடையின் டுபாய்ச் சொக்ஸ்

காத்தான்குடியில் ஹமீட் நானா கடையின் டுபாய்ச் சொக்ஸுக்குத் தனி மவுசு. எத்தனை முறை துவைத்தாலும் தொங்காது, விரல் பக்கம் ஓட்டை விழாது. ஒரேயொரு குறைதான்: அது டுபாயில் செய்ததல்ல. கடைக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு பின்னல் மெசினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவருடைய மனைவி பஹீமாதான் டுபாய்.

ஹமீட் கெட்ட மனிதர் இல்லை. முதலில் உள்ளதைச் சொல்லித்தான் விற்றுப் பார்த்தார். "ஊர்ச் சொக்ஸா?" என்று தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் ஒரு சோடிகூட அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஓட்டமாவடியில் ஸ்டிக்கர் அடிப்பித்தார். பேரீச்ச மரப் படம் கேட்டார். அச்சகத்தில் தென்னைமரம்தான் கைவசம் இருந்தது. அதைப் போட்டுக் கீழே டுபாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தென்னையை ஒரு மனிதப் பிறவியும் ஏனென்று கேட்கவில்லை. சொக்ஸ் மட்டும் பறந்தது. உள்ளே என்ன சத்தம் என்று கேட்டவர்களுக்கு, "தண்ணி மோட்டர்" என்று சொல்லிவைத்தார்.

பஹீமாவுக்கு வயிறு எரிந்தது. கண் பூத்துப்போகப் பின்னுவது அவள், புகழெல்லாம் போவது அவள் கண்ணாலும் காணாத ஊருக்கு. அன்று காலையில் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டாள்.

"இஞ்சப் பாருங்க. இனி ஒரு சோடிக்கு அந்தத் தென்னமரத்த ஒட்டினீங்கெண்டா, மெசின வித்துப்போட்டுக் கோழி வளப்பன். மறுகா நீங்க டுபாய்க்கே போய் வாங்கிட்டு வாங்க."

"கொஞ்சம் பொறு புள்ள" என்றார் ஹமீட். மூன்று வருடமாக அவரிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

பத்து மணிக்கு அன்ரோ சேர் வந்தார். டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர்.

"நானா, விளையாட்டுப் போட்டி வருது. அணிநடை புள்ளைகளுக்கு இருநூறு சோடி வெள்ளச் சொக்ஸ் வேணும்."

"டுபாய் தரட்டா சேர்?"

"அதுதான் கூடாது. செலவப் பொறுப்பெடுத்த பழைய மாணவர், உள்ளூர்ல செஞ்சதுதான் வேணுமெண்டு ஒத்தக் கால்ல நிக்கிறார். செய்யிற இடத்தையும் நான் பாக்கணுமாம்."

ஹமீட் திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்தார். இருநூறு சோடி ஆறடி தூரத்தில் இருந்தது. எட்டி எடுக்கத்தான் வழியில்லை.

சேர் காற்சட்டையைச் சற்று உயர்த்திக் காலை நீட்டினார். "எனக்கெண்டா இதில விருப்பமில்ல நானா. இஞ்ச பாருங்க, உங்கட டுபாய். ரெண்டு வருசமாப் போடுறன், ஒரு நூல் கழரல்ல. நம்மட ஆக்களால இப்பிடிச் செய்ய ஏலுமா?"

உள்ளே தண்ணி மோட்டர் நின்றது.

அந்த அமைதியின் அர்த்தம் ஹமீட்டுக்குத் தெரியும். ஏலாது என்றால் வீட்டுக்குக் கோழி வந்துவிடும். ஏலும் என்றால் ஊரே சிரிக்கும். இரண்டுக்கும் பயந்துகொண்டு நின்றவருக்குத் திடீரென்று வெட்கமாக இருந்தது. இந்தச் சொக்ஸை எத்தனை பேர் புகழ்ந்திருப்பார்கள்! அதில் ஒரு சொல்லையாவது அவர் பஹீமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்ததில்லை.

"சேர், அது டுபாய் இல்ல. என்ட பொஞ்சாதி பின்னினது" என்றார். உள்ளே கேட்கச் செருமிவிட்டுத் திரையை இழுத்தார்.

பஹீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். சேர் அவளைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், அதில் பாதி பின்னித் தொங்கிய சொக்ஸைப் பார்த்தார். பிறகு குனிந்து காலைச் சொறிந்தார்.

"அதானே பாத்தன்! ஒரே கடி."

"எப்ப இருந்து சேர்?" என்று கேட்டாள் பஹீமா.

சேர் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்தார். "இப்ப... இப்பதான் தங்கச்சி."

"அப்ப கழட்டித் தாங்க. வேற ஊர்ச் சொக்ஸ் எடுத்துத் தாறன்."

சேர் கழற்றவில்லை. காற்சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு, "இருநூறும் நீங்களே பின்னுங்க" என்றார்.

போட்டி முடிந்த மறுவாரம் இன்ஷிரா என்ற ஆசிரியை கடைக்கு வந்தாள். "நானா, பள்ளிக்கூடத்துக்கு என்னவோ ஊர்ச் சொக்ஸ் குடுத்தீங்களாம். அதெல்லாம் எனக்குச் சரிவராது. பழைய டுபாய்தான் வேணும்."

பழக்கதோசத்தில் ஹமீட்டின் கை ஸ்டிக்கர் கிடந்த மேசை லாச்சிக்குப் போனது. திரைச்சீலை இப்போது அங்கே இல்லை. பஹீமா பின்னுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் லாச்சியை மூடினார்.

"டுபாய் இல்ல புள்ள, அவட பேர் பஹீமா. உள்ளுக்குத்தான் இருக்கா, போய்க் கேளுங்க."