மூட்டை ஒரு வழி, சீட்டு ஒரு வழி

அன்று காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், மும்பையில், செம்பூர் தோல்பைப் பட்டறையாளர் சங்கத்தின் அலுவலக அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே, தலைவர் ஜெயினுலாப்தீன். குஷன் வைத்த ஒரே நாற்காலியில், பைகளை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் ஆள் நிகில். அவனுக்கு எதிரே, உட்கார மனமில்லாமல் மேசை விளிம்பில் பாதி சாய்ந்தபடி, தாராவியில் பட்டறை வைத்திருக்கும் காசிம். சர்வர் அலமாரிக்குப் பக்கத்தில் தரையில், ஒயர் எட்டாததால் மடிக்கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு, அஸ்ரின். கதவோரம் தன் சொந்த மேசையில் சங்கச் செயலாளர் வானமாமலை.

வானமாமலையின் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டு முடித்த கடிதம். உறையில் முகவரி எழுதியாகிவிட்டது, வாய் மட்டும் ஒட்டவில்லை. தோலை எந்த அளவில் எப்படி வெட்டுவது என்று மெஷினுக்குச் சொல்லும் கம்ப்யூட்டர் படங்களை, ஐம்பத்திரண்டு பட்டறைகளின் பேட்டர்ன்கள் அத்தனையையும் கம்பெனியின் சிஸ்டத்துக்கே மாற்றித் தரச் சம்மதம் என்று அதில் எழுதியிருந்தது. மாற்றித் தந்தால் அவை கம்பெனியின் சொத்து. ஒரு பையின் கைப்பிடி வளைவைக்கூட அவர்களைக் கேட்காமல் இன்னொருவருக்கு வெட்டித் தர முடியாது.

ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு தெளிவாக இருந்தது. ஆர்டர் வேண்டுமென்றால், காலை ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் எல்லாப் பட்டறைகளிலும் ஒரே பேட்டர்ன் வந்து சேர வேண்டும். சங்கத்தின் சொந்த சர்வரால் அது முடியாவிட்டால் பேட்டர்ன்கள் கை மாற வேண்டும். முடிவு எதுவானாலும் இன்றைக்குள் எழுத்தில், தபாலில். இரண்டு மாதமாக அந்த சர்வர் ஒரு காலையில்கூட மத்தியானத்துக்கு முன் வேலையை முடித்ததில்லை.

"நிகில் தம்பி, டீ சொல்லட்டுமா?" என்றார் ஜெயினுலாப்தீன்.

"வேண்டாம் அங்கிள். ஒன்பதரை ஆகட்டும், அப்புறம் குடிக்கலாம்." மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன் நிகில். நல்ல பையன்தான். ஆனால் வந்ததிலிருந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு டீயையும் டெஸ்ட் முடிஞ்சுதான் பாஸ் பண்ணுவாரு போல," என்றார் காசிம்.

வானமாமலைக்கு கம்ப்யூட்டர் விஷயம் அதிகம் தெரியாது. ஆனால் எதையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதனால் அஸ்ரின் இந்த இரண்டு மாதத்தில் செய்ததெல்லாம் அவருடைய நோட்டில் தேதிவாரியாக இருந்தது.

சீத்தா கேம்ப்பிலிருந்து வரும் பெண் அவள். வயது இருபத்தாறு. வேலைக்கு வந்த முதல் வாரத்தில் தலைவர் அவளிடம் ஒன்றுதான் கேட்டார்: "பெரிய சர்வர் ஒண்ணு வாங்கினா சரியாப் போயிருமா?" வேறு யாராக இருந்தாலும் ஆமாம் என்றிருப்பார்கள். அவள், "தெரியல பெரியப்பா. பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள். அந்தத் 'தெரியல'தான் வானமாமலைக்கு முதலில் பிடித்தது.

பார்க்கிறேன் என்றவள் நிஜமாகவே பார்க்கக் கிளம்பினாள். சங்கத்தின் ஆள் கூட வராமல் பட்டறைக்காரர்கள் மெஷினைத் தொட விடமாட்டார்கள் என்பதால் வானமாமலையும் போனார். மூன்று நாள், வேலை முடிகிற நேரமாகப் பார்த்து, தாராவிச் சந்துகளில் இருவரும் நடந்தார்கள். மூன்றாவது நாள் காசிமின் பட்டறையில்தான் விஷயம் பிடிபட்டது. அங்கே கட்டிங் மெஷின் ஓட்டும் மாரிசெல்வி, இடது கையில் துடைப்பத்தைப் பிடித்தபடியே வலது கையால் கம்ப்யூட்டரில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா அழிக்கிறீங்க?"

"இன்னைக்கு வந்த பேட்டர்ன் எல்லாத்தையுந்தான். தெனமும் அழிச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். காலைல புதுசா எறக்கிக்கிடுவோம். மொதலாளி சட்டம்லா!"

காசிம் அதைப் பெருமையாகவே விளக்கினார். ஒரு வருடம், முந்தின நாள் பேட்டர்ன் மெஷினில் கிடந்ததைத் தெரியாமல் புதுத் தோலில் போட்டு, முப்பது தோலில் கைப்பிடி ஓட்டை அரை அங்குலம் தள்ளி விழுந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரே சட்டம்: தரையைப் பெருக்கும்போது கம்ப்யூட்டரையும் பெருக்கு. அது ஐம்பத்திரண்டு பட்டறைக்கும் பரவியிருந்தது. சில இடங்களில் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அஸ்ரின் ஒரு சோடா வாங்கிக் குடித்தாள். "ஒவ்வொரு பேட்டர்னும் மாறின வரலாறு பூராவும் நம்ம சர்வர்ல இருக்கு அண்ணாச்சி. மூணு வருஷத்துக்கு முந்தின பையை அதே அளவுல கேட்டு ஆர்டர் வருது, அதனால எல்லாருக்கும் மொத்தமும் வேணும். ரெண்டு ஜி.பி. மாறுறது என்னமோ ஒரு நாளைக்கு விரல்கடை அளவுதான். ஆனா எல்லாரும் அழிச்சிட்டு வந்து நிக்கிறதால, ஐம்பத்திரண்டு பேருக்கும் தெனமும் காலைல முழு மூட்டையையும் சர்வர் புதுசா கட்டிக் கட்டிக் கொடுக்குது. பாதியில அறுந்தா, அந்த ஆளு மறுபடி மொதல்லேர்ந்து கேக்கான். அது எப்படித் தாங்கும்?"

"அவ்வளவுதானா? அழிக்காதீங்கன்னு ஒரு சுற்றறிக்கை விட்டா முடிஞ்சது," என்றார் வானமாமலை. மனதுக்குள் முதல் பாராவே தயாராகிவிட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி. அவங்க செய்யிறதுல தப்பில்ல. கெட்டுப்போன தோலுக்கு பயந்து செய்யிறாங்க. அத மாத்தச் சொல்ல நான் யாரு? சுமை போற வழியைத்தான் மாத்தணும்."

இந்த வாக்கியத்தை வானமாமலை நோட்டில் அப்படியே எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார்.

வழியை அவள் மாற்றிய விதம் இப்படி. தினமும் மாலையில் சர்வர் ஒரே ஒரு முறை மொத்த வரலாற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டும். அந்த மூட்டை, தாராவியில் கேபிள் இன்டர்நெட் நடத்தும் மன்சூர் அலியின் கடையில் வைத்த ஒரு சின்னப் பெட்டிக்குப் போய்விடும். தாராவிப் பட்டறைகள் நாற்பத்தொன்றுக்கும் அவருடைய ஒயர்தான். ஆகவே காலையில் மூட்டை தாராவியை விட்டு வெளியேறாமலே பட்டறைக்கு வந்துவிடும். ஆண்டாப் ஹில், சீத்தா கேம்ப் பட்டறைகள் பதினொன்றுக்கும் இன்னொரு பிரதி, வாடகைக்கு எடுத்த இன்டர்நெட் கிடங்கில். மெஷின் முதலில் பக்கத்திலிருக்கும் மூட்டையை எடுத்துக்கொள்ளும். பிறகுதான் செம்பூர் சர்வரிடம் வந்து, 'என்னிடம் நேற்று வரை இருக்கிறது, அதற்குப் பிறகு மாறியது மட்டும் கொடு' என்று கேட்கும்.

சங்கத்தில் இதைச் சொன்னபோது தலைவர் உடனே மடக்கினார். "நம்ம சரக்கை மன்சூர் கடையில வச்சா, நாளைக்கு அவனே பை தைக்க ஆரம்பிச்சிர மாட்டானா?"

"பெட்டியில இருக்கிறது பூட்டுப் போட்ட மூட்டை பெரியப்பா. சாவி நம்ம பட்டறை மெஷின்ல மட்டுந்தான். வழியில யாராவது கைவச்சாலும் தெரிஞ்சிரும், உள்ள ஒவ்வொண்ணுக்கும் விரல்ரேகை மாதிரி ஒரு அடையாளம் இருக்கு. இங்க சர்வர் அதைச் சரிபாத்துத்தான் 'சரி'ன்னு சொல்லும்."

காசிமுக்குப் புரியவில்லை என்று அவர் முகம் சொன்னது. அஸ்ரின் அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்களுக்குத் தோல் எங்கேர்ந்து வருது?"

"குடோன்லேர்ந்து."

"என்ன வெட்டணும்ங்கிற சீட்டு?"

"சங்கத்துலேர்ந்து. அதுக்கென்ன இப்போ?"

"தோலையும் சங்கத்து மேசை வழியாத்தான் தருவோம்னா?"

காசிம் கொஞ்சம் யோசித்தார். "இந்த மாடிப்படி இடிஞ்சி விழும்," என்றார். பிறகு அவராகவே, "ஓகோ. படிதான் சர்வரா? சரி சரி," என்றார். அதற்குப் பிறகு வானமாமலைக்கே அவர்தான் ஒரு வாரம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மணி ஒன்பது அடித்தது. புது வழியில் ஓடும் முதல் காலை இது.

வானமாமலை ஐம்பத்திரண்டு பட்டறைகளின் பட்டியலைப் பிரித்து, பென்சிலைக் கையில் எடுத்தார். வழக்கமாக இந்த நேரத்தில் சர்வர் அலமாரி உறுமும். அதன் விசிறிச் சத்தத்தில் தொலைபேசியே கேட்காது. இன்று சத்தம் இல்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். அவர் அஸ்ரின் பக்கம் நகர்ந்தார். குனிந்து மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா, சர்வர் செத்துப்போச்சா?"

"இல்ல அண்ணாச்சி, அதுக்கு வேலை இல்ல. எழுதுங்க. மூணு, பதினேழு, இருபத்தி ரெண்டு, நாப்பது..."

அவள் எண்களைச் சொல்லச் சொல்ல அவரால் டிக் போட்டு மாளவில்லை. கடைசியில் பென்சிலின் முனை உடைந்து பேனாவுக்கு மாறினார். நிகில் நாற்காலியை விட்டு எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். ஒன்பது பதினேழுக்கு ஐம்பத்தொரு டிக் விழுந்திருந்தது.

"எது பாக்கி?" என்றான்.

வானமாமலை பட்டியலைப் பார்த்தார், பிறகு காசிமைப் பார்த்தார். "பதினாலு."

"நம்ம பட்டறையா?" காசிம் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "ஏ மாரிசெல்வி, என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணலியே மொதலாளி. எறங்கச் சொல்லியாச்சு. ஆனா நீலக்கோடு நகரவே மாட்டேங்குது."

அஸ்ரின் போனருகே வந்தாள். "அக்கா, நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சீங்களா?"

"ஆமா. எப்பவும் போலத்தான். புதுசா என்னமோ தெரியாத ஃபைல் ஒண்ணும் ஓரத்துல கெடந்துச்சு. அதையும் சேத்துப் பெருக்கிட்டேன்."

பெட்டிக்குப் போகச் சொல்லி மெஷினுக்கு வழி காட்டும் ஃபைல் அதுதான். அதை அஸ்ரின் போன வாரத்திலிருந்து தன் கையாலேயே ஒவ்வொரு பட்டறையாகப் போய் வைத்து வந்து, காசிமின் பட்டறையில் நேற்று மத்தியானம்தான் கடைசியாக வைத்திருந்தாள்.

"யா அல்லா," என்றார் காசிம். "சட்டம் போட்டவனுக்கே வச்சாச்சு." மேசை விளிம்பிலிருந்து இறங்கி முதல்முறையாக உட்கார்ந்தார், அதுவும் தரையில்.

நிகில் வருத்தத்தோடு சொன்னான்: "அங்கிள், ஐம்பத்தொண்ணு பரவால்லன்னு என்னால எழுத முடியாது. ஆல் மீன்ஸ் ஆல்."

ஜெயினுலாப்தீனின் பார்வை கையெழுத்துப் போட்ட கடிதத்தின் மேல் விழுந்தது. வானமாமலை உறையைச் சற்று நகர்த்தி வைத்தார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

அஸ்ரின் ஒருத்திதான் பதறவில்லை. "இருங்க. வழி தெரியாத மெஷின் கொஞ்ச நேரம் தேடிப் பாத்துட்டு நேரா இங்க வந்து கேக்கும். அப்படித்தான் வச்சிருக்கேன். வந்திருச்சு பாருங்க." அலமாரியின் விசிறி லேசாக முனகத் தொடங்கியது. "முழு மூட்டையும் கேக்குது."

"அதுதானே இந்த சர்வரால முடியாதது?" என்றான் நிகில்.

"ஐம்பத்திரண்டு பேருக்குத் தர முடியாது. ஒருத்தருக்குத் தரும். மத்தவங்க யாரும் இப்ப இது மேல சாயலியே. அது சும்மாதான் உக்காந்திருக்கு."

மூன்று நிமிடம் ஆயிற்று. நான்காவது நிமிடமும் பாதி போயிற்று. காசிம் வாயை அசைத்து எதையோ ஓதிக்கொண்டிருந்தார். விசிறி நின்றது.

"பதினாலு," என்றாள் அஸ்ரின். "அடையாளம் ஒத்துப்போகுது. போடுங்க அண்ணாச்சி."

வானமாமலை கடிகாரத்தைப் பார்த்து, டிக் போட்டு, பக்கத்தில் 9.24 என்று எழுதினார்.

நிகில் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தான். சிரித்துவிட்டான். "உண்மையச் சொல்லணும்னா, எனக்கு இந்தப் பதினாலுதான் புடிச்சிருக்கு. மத்ததெல்லாம் சொல்லி வச்சு செஞ்சதுன்னு ஆபீஸ்ல யாராவது சொல்லலாம். இத யாரும் சொல்லி வச்சு செய்ய மாட்டாங்க." பிறகு அஸ்ரினிடம், "எங்க கம்பெனி சர்வர் இதுக்குப் பத்து மடங்கு பெருசு, தெரியுமா? காலைல அதுவும் தொங்கும்," என்றான்.

"அதையும் பெருக்கி விட மாரிசெல்விய அனுப்பவா?" என்றார் காசிம். இப்போது அவருக்குக் குரல் திரும்பியிருந்தது.

ஜெயினுலாப்தீன் கையை நீட்டினார். "அந்தக் கடுதாசியக் கிழிச்சிப் போடும் வே."

வானமாமலை காகிதம் எதையும் கிழிப்பவர் அல்ல. கடிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, 'அனுப்பப்படவில்லை' என்று எழுதி, துளை போட்டுக் கோப்பில் சேர்த்தார். அதன் பிறகே புதுத் தாளை எடுத்தார். சோதனை நடந்த நாள், நேரம், பட்டறைகளின் எண்ணிக்கை, சாட்சியாக இருந்தவர்கள். பேட்டர்ன்கள் சங்கத்திடமே இருக்கும் என்பது தனிப் பாராவாக. எல்லாம் வழக்கப்படி.

கையெழுத்துக்கு முந்தைய வரியில் அவர் பேனா நின்றது. இருபத்திரண்டு வருடமாகச் சங்கக் கடிதம் எதிலும் தனி ஆளின் பெயர் வந்ததில்லை. 'எங்கள் சங்கம்' செய்தது, 'எங்கள் சங்கம்' கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே அவர்தான். இருந்தும் எழுதினார்: இந்த ஏற்பாட்டை முழுவதும் வகுத்து நிறைவேற்றியவர் எங்கள் பொறியாளர் செல்வி அஸ்ரின்.

தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். அந்த வரியில் நின்றார். "பேரு போடுற வழக்கம் நமக்குக் கெடையாதே?"

"கெடையாது. இந்தத் தடவ போட்டிருக்கேன்."

ஜெயினுலாப்தீன் அந்த வரிக்குக் கீழே கையெழுத்திட்டார்.

அஸ்ரின் எட்டிப் பார்த்துவிட்டு முகம் சிவந்தாள். "அப்ப மாரிசெல்வி அக்கா பேரையும் போடுங்க அண்ணாச்சி. நான் யோசிக்காத டெஸ்ட்ட அவங்கதான் செஞ்சாங்க." சொல்லிக்கொண்டே சுவரோரம் கிடந்த பையை எடுத்தாள். அந்த ஃபைலை யாரும் பெருக்க முடியாத இடத்தில் வைக்க, பதினாலாம் பட்டறைக்குக் கிளம்பிவிட்டாள்.

வானமாமலை கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசையை அளவாகத் தடவி, ஒட்டி, ஸ்கேலால் நான்கு ஓரமும் அழுத்தினார். தபால் நிலையத்தில் அவருக்கு முன்னால் இருவர் நின்றார்கள். முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண்மணி உறையைத் தராசில் வைத்து எடுத்து, பட்டைச் சீட்டை ஒட்டி, ஸ்பீட் போஸ்ட் முத்திரையைக் குத்திப் பின்னாலிருந்த சாக்குப்பையில் போட்டார்.