நடுமதகுக்குக் கீழே

கணேசலிங்கம் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் ஒரு பொறியியல் அலுவலகத்தின் அளவையாளர். போன ஏப்ரலில் அவரை மத்தியதரைக்கடல் தீவொன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே மலையிடுக்கில் ஒரு நீர்த்தேக்கம். கீழேயுள்ள நகரத்துக்கும் எட்டு ஊர்களுக்கும் அதுதான் குடிதண்ணீர். அணைச்சுவரைப் பரிசோதிப்பதே ஒப்பந்தம். அணைக் காவலர் லூச்சியா படகோட்ட, ஐந்து நாட்கள் ஒலிக்கருவியால் அடித்தளத்தையும் அளந்தார். சுவரோரம் பதினொரு மீட்டர் சேறு. அடிமதகு முழுக்கப் புதைந்திருந்தது. நீர்மட்டம் நடுமதகுக்குக் கீழே இறங்கினால் ஒரு சொட்டும் வெளியே வராது. அளவுகோல் மட்டும் இன்னும் தண்ணீர் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

அறிக்கை வந்தபோது அந்தச் சேறு எண்பத்து நாலாம் பக்கத்தில் கிடந்தது, "அடித்தளத்தில் சிறு மாறுதல்" என்று. அறிக்கையை எழுதியவன் கோயம்புத்தூர் இளைஞன் சுதீர். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணா, நான் முதல் பக்கத்துலதான் எழுதினேன். ஜூலியன் மாத்திட்டார். கிளையண்ட் கேட்டது சுவரைப் பத்தி மட்டும்தானாம்."

பிரிவுத் தலைவன் ஜூலியனுக்குக் கணேசலிங்கம் இரண்டு மின்னஞ்சல் போட்டார். முதலாவதற்குக் கட்டைவிரல் படம் வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. நேரில் சந்திக்க மூன்று முறை டெர்மின் கேட்டார், மூன்றும் தள்ளிப்போனது.

"உங்கட வேலை அளக்கிறது. அளந்திட்டியள். இனி விடுங்கோ" என்றாள் மனைவி புஷ்பராணி.

"விட ஏலாது. கோடையிலை அந்தச் சனம் பைப்பைத் திறந்தால் காத்துத்தான் வரும். அளந்தவன்ரை பேரெண்டு என்ரை பேர்தான் அதிலை கிடக்கு."

அடுத்த நாளே அளவுகள் முழுவதையும் லூச்சியாவுக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் ஜூலியனுக்குத் தெரிந்துவிட்டது. ஒப்பந்த இரகசியத்தை மீறியதாக எச்சரிக்கைக் கடிதம் அவருடைய கோப்பில் ஏறியது. இருபத்திரண்டு வருட வேலையில் முதல் கடிதம்.

ஆகஸ்டில் நடுமதகு வறண்டது. அளவுகோல் முப்பத்தொரு சதவீதம் காட்டியது. நகரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரம் லாரித் தண்ணீர். லூச்சியாவின் ஊர்ச்சபை மட்டும் அவர் அனுப்பிய அளவுகளை நம்பி, ஜூனிலேயே மிதக்கும் பம்பு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தது. அங்கே தண்ணீர் நிற்கவில்லை. அவள் நன்றி எழுதினாள். அதை வாசித்தும் அவருக்கு ஆறவில்லை. ஒன்பது இடங்களில் ஒன்றுதான் தப்பியது.

செப்டம்பரில் ஜூலியன் தானாகவே கூப்பிட்டான். தீவின் நீர் அலுவலகம் சேற்றை அளக்கப் புது ஒப்பந்தம் தந்திருந்தது. அவர்தான் போக வேண்டுமாம். ஏற்கெனவே அளந்ததைக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். அது பழைய ஒப்பந்தம் என்றான். அப்படியானால் முதலில் தன் கோப்பிலிருந்து எச்சரிக்கைக் கடிதத்தை எடுக்கச் சொன்னார். அது வேறு விடயம் என்றான். கணேசலிங்கம் போக மறுத்துவிட்டு வெளியே வந்தார்.

படிக்கட்டில் சுதீர் நின்றிருந்தான். ஊழியர்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் ஊழியர் சபைக்குப் போகச் சொன்னான்.

"முதல்ல எழுதின அறிக்கை என்கிட்டயே இருக்கு. நானே வந்து சொல்றேன்."

"உம்மட விசா இந்த வேலையிலைதானே தங்கியிருக்கு, தம்பி?"

"ஆமா. ஆனா அதை எழுதினது நான்தானே அண்ணா."

சபை ஆறு வாரம் கழித்துத்தான் கூடியது. சுதீர் தன் அறிக்கையை மேசையில் வைத்தான். முதல் பக்கத்திலிருந்த சேற்றைப் பின்னே தள்ளியது ஜூலியன்தான் என்று அது காட்டியது. கடிதத்தை நீக்குவதாக ஜூலியன் நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தீவைப் பற்றிப் பேச வாயெடுத்த கணேசலிங்கத்திடம், இன்றைய கூட்டம் கடிதத்தைப் பற்றி மட்டும்தான் என்றார்கள்.