மேனேஜரின் மெத்தை

டைலர் தன் வாழ்நாளில் எந்தத் துணியையும் தப்பாகத் தைத்ததில்லை. இது ஊர் சொன்னதல்ல, அவரே சொன்னது. தோள் இறங்கியிருக்கிறது என்று யாராவது சட்டையோடு வந்து நின்றால், கழுத்தில் தொங்கும் டேப்பைத் தொடக்கூட மாட்டார். "சட்டை சரியாத்தான் இருக்கு, நீங்கதான் இளைச்சிட்டீங்க" என்பார். இடுப்பு பிடிக்கிறது என்றால் வந்தவர் பெருத்துவிட்டார். இளைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை என்று சாதித்தால், அவர் நிற்கிற விதம் சரியில்லை. கால்நடை டாக்டரம்மாவுக்குத் தைத்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டின் கை, மணிக்கட்டை எட்டாமல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. "கோட்டு சரியாத்தான் இருக்கு டாக்டர், உங்க கைதான் நீளம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாவும் மல்லுக்கு நிற்காமல் அதையே மாட்டிக்கொண்டு ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்து வந்தார்.

வீட்டிலும் இதே கதைதான். பால் பொங்கி வழிந்தால் அடுப்பின் குற்றம், குடை தொலைந்தால் மழையின் குற்றம். அவர் மனைவி முட்டி மோதிப் பார்த்துவிட்டு எப்போதோ கைகழுவிவிட்டார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு தன் பேச்சையெல்லாம் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டார். அங்கே நாலு கோழிகள். அதில் ஒரு செந்நிறக் கோழிக்கு மேனேஜர் என்று பெயர். மற்ற மூன்றும் மண்ணைக் கிளறும்போது அது சும்மா பின்னால் நின்று மேற்பார்வை பார்க்கும், புழு அகப்பட்டால் மட்டும் முன்னால் வரும். துணி உலர்த்தப் போனாலும் பாத்திரம் கழுவப் போனாலும் மனைவியின் காலைச் சுற்றியே திரியும். அவர் சொல்வதையெல்லாம் கழுத்தைச் சாய்த்துக் கேட்கும், குறுக்கே பேசாது, முக்கியமாகச் சாக்குச் சொல்லாது. டைலருக்கு அந்தக் கோழியைக் கண்டாலே உள்ளூர ஒரு புகைச்சல். ஆனால் கோழியோடு போட்டி என்று வெளியில் சொல்ல முடியுமா?

மகளுக்குப் பிரசவம் நெருங்கியதும் மனைவி அவள் புகுந்த ஊருக்குக் கிளம்பினார். தீனி எங்கே, தண்ணீர்த் தட்டு எங்கே, கூண்டை எப்போது திறக்க வேண்டும், எப்போது சாத்த வேண்டும் என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். புருஷன் எங்கே சாப்பிடுவார் என்பது பற்றிப் பேச்சில்லை. பேத்தி பிறந்தாள். தினமும் சாயங்காலம் போன் வரும். எடுத்ததும் முதல் கேள்வி, "மேனேஜர் சாப்பிட்டாளா?" அவள் சாப்பிட்டாள், முட்டை போட்டாள், மதில்மேல் ஏறவில்லை என்று இவர் ஒப்பித்து முடிப்பதற்குள் அங்கே குழந்தை அழும். "சரி, வெச்சிடறேங்க." இவர் சாப்பிட்டாரா என்ற கேள்வி வருவதற்கு முன்பே போன் அடங்கிவிடும்.

கோழிகள் முட்டையிடும் பெட்டியில் வைக்கோல் தீர்ந்துபோனபோதுதான் டைலருக்கு அந்த யோசனை உதித்தது. தையல் மெஷினுக்கு அடியில் மூட்டை மூட்டையாக வெட்டுத்துணியும், ஓரம் அடிக்கும்போது உதிர்ந்த நூலும் கிடந்தன. அள்ளிக்கொண்டு போய்ப் பெட்டி நிறைய நிரப்பினார். கையால் அமுக்கிப் பார்த்தார். அவர் தலையணையைவிட மெத்தென்று இருந்தது. அன்று சாயங்காலம் போனில், "உன் கோழிங்க இப்ப மெத்தையில படுக்குது, தெரியுமா?" என்றார்.

மனைவி, "பரவாயில்லையே. உங்களுக்குக்கூட இதெல்லாம் தோணுதே" என்றார். குரலில் கிண்டல் இல்லை. எத்தனையோ வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு. டைலருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் கடையில் சீட்டியடித்தபடியே பட்டன் துளை போட்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கூண்டைத் திறந்தபோது மூன்று கோழிகள் முண்டியடித்துக்கொண்டு வெளியே ஓடின. மேனேஜர் மட்டும் மூலையில் இறகெல்லாம் உப்பி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 'மேனேஜர்னா லேட்டாத்தான் வரும்' என்று டைலர் வீட்டு முன்பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. தீனியைத் தூவினார், அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வால் தொங்கியிருந்தது, கண் பாதி மூடியிருந்தது. இதையெல்லாம்விட அவர் கண்ணை உறுத்தியது கொண்டையின் நிறம்தான். மிளகாய்ச் சிவப்பாக இருந்தது வெளுத்து, பலதடவை துவைத்த துணியாகிக் கிடந்தது. நிறத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

குனிந்து கோழியைத் தூக்கினார். அதுவரை அதைத் தொட்டதே இல்லை. கொத்தும் என்று பார்த்தார், அது அடங்கிக் கிடந்தது. அந்தப் பணிவுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. டைலர் கை சும்மா இருக்குமா, தானாக அளவெடுத்தது. கழுத்து சரி, இறக்கை சரி, ஆனால் கழுத்துக்குக் கீழே மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி, கெட்டியாக நின்றது. மற்ற கோழிகளில் ஒன்றைப் பிடித்து அதே இடத்தைத் தடவினார். அங்கே தோல் தட்டையாகக் கிடந்தது.

பக்கத்துக் கடை சைக்கிள்காரர் கோழி கத்திய சத்தம் கேட்டு மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தார். உலகத்தில் எல்லா நோய்க்கும் அவரிடம் மருந்து உண்டு, கேட்க வேண்டிய அவசியமில்லை. "தீனி அடைச்சிருக்கு மாஸ்டர். காலைப் பிடிச்சுத் தலைகீழா ஒரு உலுக்கு உலுக்குங்க, எல்லாம் வந்து விழுந்துடும்" என்றபடியே உள்ளே வந்தவர், கோழியின் அலகைப் பிரித்தார். ஓரத்தில் ஒரு நூல் நுனி எட்டிப் பார்த்தது. "அட, இதானா விஷயம்" என்று அதை இழுக்கப் போனார்.

டைலர் அவர் கையைத் தட்டிவிட்டார். "சிக்கின நூலை இழுத்தா துணி மொத்தமும் சுருங்கிடும்யா. உள்ள என்னத்துல மாட்டியிருக்கோ. விடு."

"நூல் எப்படி மாஸ்டர் இதுக்குள்ள போச்சு?"

"தெருவுல எங்கேயாவது பொறுக்கித் தின்னிருக்கும். எவன் எவனோ குப்பையைக் கண்ட இடத்துல கொட்டறான்" என்றார் டைலர். சொல்லும்போது கூண்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு அட்டைப்பெட்டியில் துண்டை விரித்துக் கோழியைப் படுக்க வைத்து, சைக்கிள்காரர் மிதிக்க, பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். மேட்டில் ஏறும்போது, "மெல்லப் போய்யா, குலுங்குது" என்றார். இறக்கத்தில், "என்னய்யா இப்படி ஆமை மாதிரி உருட்டறே" என்றார். சைக்கிள்காரருக்கு எந்தப் பேச்சைக் கேட்பதென்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதே கோட்டில்தான் இருந்தார். மணிக்கட்டு இரண்டும் வெளியே தெரிந்தன. டைலர் பார்வையைச் சுவரில் ஒட்டியிருந்த மாட்டுப் படத்துக்கு மாற்றிக்கொண்டார். டாக்டர் கோழியின் மார்பை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இது தீனிப்பை. ராத்திரி நிறைஞ்சிருக்கும், காலையில காலியாயிடணும். இது கல்லு மாதிரி கிடக்கு. எத்தனை நாளா இப்படி?"

"நேத்துலேருந்துதான் டாக்டர்."

"நீங்க பார்த்தது நேத்து. கோழிங்க உடம்பு முடியலன்னா லேசுல வெளிய காட்டிக்காதுங்க. பார்த்துக்கிட்டே இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். நமக்கே தெரியற அளவுக்கு வந்துடுச்சுன்னா ரொம்ப நாளா தாங்கிக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம்."

எதையும் வெளியில் காட்டிக்கொள்ளாத ஒரு ஆளை டைலருக்கும் தெரியும். அந்த ஆள் கொல்லைப்புறத்தில் கோழியிடம் என்ன பேசிக்கொண்டிருந்தார் என்று ஒருநாளாவது காது கொடுத்திருக்கிறோமா என்று தோன்றியது. இது பிழைக்க வேண்டும். இது போய்விட்டால் ஊரிலிருந்து திரும்பி வந்து அவர் யாரிடம் பேசுவார்?

"தடவிக் கரைக்கற கட்டத்தைத் தாண்டிடுச்சு. கீறித்தான் எடுக்கணும். பிழைச்சுக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன், சான்ஸ் இருக்கு" என்றார் டாக்டர். "நீங்களே பிடிச்சுக்குங்க."

துண்டில் சுற்றிய கோழியை டைலர் பிடித்துக்கொண்டார். இறகை நீக்கி, மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் சின்னதாகக் கீறினார். எத்தனையோ ஆயிரம் துணியைக் கூசாமல் வெட்டியவர், கத்தி படும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடுக்கியால் டாக்டர் மெல்ல மெல்ல எடுத்து எடுத்துத் தட்டில் வைத்தார். எல்லாம் நூல். கொத்துக் கொத்தாக, முடிச்சு முடிச்சாக நூல். அழுக்கும் தீனியும் ஒட்டியிருந்தாலும் டைலருக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. அந்தக் கடுகு மஞ்சள் பேக்கரிக்காரர் மகளின் கவுன். அந்தக் கரும்பச்சை லாட்ஜ் ஜன்னல்களுக்குத் தைத்த திரை. அந்த மெரூன் பள்ளிக்கூட பேண்ட் வாத்தியக் கோஷ்டியின் கால்சட்டை. கடைசியாக ஒரு சின்னத் துணித்துண்டு வந்தது. அதன் ஓரத்தில் அவர் வழக்கமாகப் போடும் நீலச் சாக்குக்கட்டிக் கோடு, அழியாமல் அப்படியே இருந்தது.

"இதெல்லாம் எங்கேர்ந்து மாஸ்டர் வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

தெருவிலிருந்து என்று சொல்ல வாயெடுத்தார். தட்டில் அந்த நீலக் கோடு தெரிந்தது. "கூண்டுல மெத்தையா போட்டேன்" என்றார் மெதுவாக.

டாக்டர் தலை நிமிராமல் ஊசியில் நூலைக் கோத்தார். "மெத்தை சரியாத்தான் இருந்திருக்கும் மாஸ்டர். கோழிக்குத்தான் வாய் நீளம்."

பக்கத்தில் நின்ற சைக்கிள்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். டைலருக்குக் காது மடல் சுட்டது.

"உள்ள பைக்கு ஒரு தையல், மேல தோலுக்கு ஒரு தையல்" என்றார் டாக்டர், பேச்சை மாற்றி.

"லைனிங் வெச்ச மாதிரி."

"அதேதான்."

டாக்டரின் தையல் கோணலாகத்தான் போனது. டைலர் அதைப் பார்த்தார், பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. முடிந்து கிளம்பும்போது மட்டும், "அந்தக் கோட்டை ஒருநாள் கடைக்கு அனுப்புங்க டாக்டர். கைக்கு ஒரு பட்டி வெச்சு இறக்கித் தர்றேன்" என்றார். டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியிலிருந்த நூலையும் துணியையும் ஒன்று விடாமல் வழித்தெடுத்தார். சைக்கிள்காரர் எங்கிருந்தோ வைக்கோல் கொண்டுவந்தார். மற்ற கோழிகள் தையலைக் கொத்திவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், மேனேஜரின் அட்டைப்பெட்டி கடைக்குள், சூடாக இருக்கும் இஸ்திரி மேஜைக்கு அடியில் குடியேறியது. வேளாவேளைக்கு மருந்து, அப்புறம் கூழாகக் கரைத்த தீனி, மசித்த வேகவைத்த முட்டை. "முட்டையையா? அதுக்கேவா?" என்று அவர் ஆஸ்பத்திரியிலேயே கேட்டிருந்தார். "எதுன்னு சொல்லாம குடுங்க" என்றார் டாக்டர். தினமும் காலையில் தீனி வைப்பதற்கு முன்னால் மார்பைத் தடவி, பை காலியாகியிருக்கிறதா என்று பார்ப்பார். கடைக்கு வந்தவர்கள் சத்தமாகப் பேசினால், "மெதுவா, மேனேஜர் தூங்கறாங்க" என்பார். ஓனரே இவர்தானே, மேனேஜர் யார் என்று வந்தவர்கள் குழம்பினார்கள்.

போனில் மட்டும் பொய்தான். "மேனேஜர் சாப்பிட்டாளா?" "சாப்பிட்டா." "சத்தத்தையே காணோமே?" "தூங்கறா." அந்த ஒரு பாராட்டைத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. கோழிதான் தேறி வருகிறதே, தையல் பிரித்தால் தழும்புகூட இறகுக்குள் மறைந்துவிடும். யாருக்குத் தெரியப் போகிறது?

ஒரு சாயங்காலம் மேனேஜர் பெட்டியிலிருந்து தானாகவே எழுந்து, தலையை வெளியே நீட்டி, டைலர் மெஷின் மிதிப்பதை மேற்பார்வை பார்த்தது. கொண்டையில் மறுபடியும் சிவப்பு ஏறியிருந்தது. டைலருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் போன் வந்தது.

"ஏங்க, ஒரு சேதி" என்றார் மனைவி உற்சாகமாக. "நீங்க மெத்தை போட்டதை இங்க சம்பந்தியம்மாகிட்ட சொன்னேன். எங்க வீட்டுக்காரர் கோழிக்குக்கூட இவ்வளவு பார்த்துச் செய்யறாருன்னு பெருமையாத்தான் சொன்னேன். அவங்களுக்கு ஒரே ஆசையாயிடுச்சு. இங்க ஒரு கூட்டம் கோழி இருக்கு. முக்குல ஒரு தையல்கடையில சொல்லி, ரெண்டு மூட்டை நூலு வாங்கி வெச்சிருக்கோம். காலையில போடப்போறோம்."

டைலரின் கால் மிதிப்பதை நிறுத்தியது. நூலில் பூச்சி வரும், மழைக்காலத்துக்கு ஒத்துவராது, அந்த ஊர்க் கோழிக்குப் பழக்கமில்லை என்று சாக்குகள் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. எல்லாம் தயாராகத்தான் இருந்தன, ஒன்றைச் சொன்னால் போதும். அவர் பெட்டியைப் பார்த்தார். மேனேஜர் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"போடாதே" என்றார். "நான் போட்டது தப்பு."

"என்னங்க சொல்றீங்க?" என்றார் மனைவி.

"நூலைத் தின்னு, அடைச்சுக்கிட்டு, மேனேஜர் சாகக் கிடந்தா. கீறி எடுத்தாங்க. எல்லாம் என் கடை நூலு. உன்கிட்ட தூங்கறான்னு பொய் சொன்னேன். என் தப்புதான். வேற யாரும் இல்ல."

எங்கோ தூரத்தில் பேத்தி அழும் சத்தம் கேட்டது. இப்போது வெச்சிடறேன் என்று சொல்லிவிடுவார் என்று டைலர் காத்திருந்தார். "இப்ப எப்படி இருக்கா?" என்றார் மனைவி. குரல் உடைந்திருந்தது.

"எழுந்து நின்னு என்னை முறைச்சுப் பார்க்கறா."

அழுகிற குழந்தையை யாரையோ கூப்பிட்டுக் கொடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இன்னும் இல்லை என்று சொல்ல டைலருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.