மெழுகுச் சூடு ஆறுவதற்குள்

முடிதிருத்தும் கடையில் வெந்நீர்க் கொதிகலன் வெடித்து, அங்கே முடிவெட்டிவந்த அவருடைய வலது கை வெந்துபோய் ஏழு மாதமாகிறது. ஒட்டுப்போட்ட தோல் சுருங்கிச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. உருகிய மெழுகில் முக்கி எடுத்தால் சற்று இளகும். அந்த நேரம் பார்த்துத்தான் மருத்துவமனையில் விரல் விரியும் கோணத்தை அளப்பார்கள். அதனால் சிகிச்சை அட்டையில் கை அமோகமாகத் தேறியிருந்தது. வீட்டில் சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிட்டாள்.

அட்டையைப் பார்த்துப் பூரித்த பெரிய டாக்டர், மருத்துவமனை ஆண்டு விழா மேடையில் அவர் முடிவெட்டிக் காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டார். தம் தலையையே தந்திருப்பார். அதில் வெட்ட ஒன்றுமில்லை. வார்டு ஊழியர் ஒருவர் தலை கொடுத்தார்.

கடை மனைவியின் அண்ணனுடையது. "எத்தன நாள் மாப்ள நாற்காலிய சும்மா போட்டு வைக்கிறது? மேடையில வெட்டு, பாக்கறேன். வெட்டிட்டா நாளைக்கே வா. இல்லன்னா வேற ஆள் பேசி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மேடைக்குப் பின்னால் கைப்பயிற்சி தரும் பெண் அவர் கையிலிருந்து மெழுகை உரித்தெடுத்தாள். "இருபது நிமிஷம் தாங்கும்ணே. டாக்டர் ரெண்டே வார்த்தைதான் பேசுவாராம்."

டாக்டர் கற்காலத்திலிருந்து தொடங்கினார். மனிதன் நெருப்பைக் கண்டுபிடிப்பதற்குள் பத்து நிமிடம் போயிற்று. இரும்பை உருக்கும்போது சுண்டுவிரல் மடங்கியது. அந்தப் பெண் ஓரத்தில் நின்று கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து டாக்டர் தலையசைத்து, தம் வெளிநாட்டுப் பயணத்தை விவரிக்கலானார். அவருடைய நாக்குக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை.

நாற்பதாவது நிமிடம் கத்தரி கைக்கு வந்தது. கட்டைவிரலை வளையத்துக்குள் திணித்தார். கத்தரி விரியவில்லை.

போர்வைக்குள்ளிருந்து ஊழியர் முணுமுணுத்தார்: "சும்மா தலைமேல வச்சுக்குங்கண்ணே. நான் ஆடிக்கறேன்."

ஆடினார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. படம் எடுத்தார்கள். ஒரு மயிர் விழவில்லை. அது முன்வரிசைக்குத் தெரிந்தது.

கூட்டம் கலைந்ததும் மச்சான் வந்து தோளில் கை வைத்தார். "உன் சீப்பு, கத்தியெல்லாம் தங்கச்சிகிட்ட குடுத்துடறேன் மாப்ள."

வளையத்தில் மாட்டிய கட்டைவிரல் வெளியே வரவில்லை. மறுபடி மெழுகுத் தொட்டிக்குத்தான் போக வேண்டியிருந்தது. பத்து நிமிடத்தில் தோல் இளகி, கத்தரி தானாகக் கழன்றது. விரல்கள் அழகாக விரிந்தன. அந்தப் பெண் பழக்கத்தில் கோணமானியை எடுத்தாள்.

"இன்னிக்கு அளக்க வேண்டாம்மா" என்றார்.