சேறு வாங்கும் சாமந்தி

கமலக்கண்ணனின் எஸ்.யூ.வி. தளிப் பக்கம் போகும். ஆனால் மாமியார் வீட்டுக்குப் போகாது. தார் ரோடு முடிந்து செம்மண் பாதை பிரிகிற பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிடும். அங்கிருந்து அவர் பேண்டை முழங்கால்வரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். ஊரிலேயே உயரமான வண்டியை வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஊருக்குள் நுழைகிற ஒரே மாப்பிள்ளை அவர்தான்.

தடை போட்டது மச்சினன் பிரகாஷ். போன மழைக்காலத்தில், வண்டி வாங்கிய புதுசில், கமலக்கண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டு ஜோராக உள்ளே போனார். மார்க்கெட் வண்டிக்காகப் பாதையோரம் பிரகாஷ் வெள்ளைச் சாமந்தியைக் கூடை கூடையாக வைத்திருந்தான். எஸ்.யூ.வி. கடந்து போனபோது அத்தனையும் செங்கல் நிறச் சாமந்தி ஆனது. அப்படி ஒரு ரகத்தை எந்த வியாபாரியும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"மட் ஃப்ளாப் மாட்டிக்கினு வாங்க மாமா. அதுவரைக்கும் வண்டி தார் ரோட்டைத் தாண்ட வேணாம்," என்றான் பிரகாஷ். கத்தாமல் சொன்னான். அதுதான் கமலக்கண்ணனைக் குத்தியது.

சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறிக்காமல் தொங்கவிடுகிற ரப்பர்த் தட்டிதானே, உடனே மாட்டியிருக்கலாம். மாட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகுமே என்று ஒரு வீம்பு. வீம்பிலேயே ஒரு வருஷம் நடந்தார்.

இப்போது மனைவி சுகுணாவுக்கு ஏழாம் மாதம். ஓசூர் வீட்டில் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். மழையோ விடுவதாக இல்லை. பிரகாஷ் போனில் சொல்லிவிட்டான்: "அக்காவ பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கொண்டாந்து விடுங்க மாமா. அங்கிருந்து என் பூ வண்டியில ஏத்திக்கிறேன்."

கை நிறைய வளையலோடு தன் பெண்டாட்டி பூக்கூடைகளுக்கு நடுவில் குலுங்கிக்கொண்டு போவதையும், தான் பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதையும் கமலக்கண்ணன் நினைத்துப் பார்த்தார். வீம்பு அன்றைக்கே இறங்கிவிட்டது. வாசல்வரை அவளைத் தானே ஓட்டிப் போக வேண்டும். அதற்குமேல் ஆசை இல்லை.

ஓசூர்க் கடையில் காட்டிய பிளாஸ்டிக் ஃப்ளாப் உள்ளங்கை அகலம் இருந்தது. "இது மூக்கு துடைக்கத்தான் ஆகும்," என்று சொல்லிவிட்டு நேராகக் கிருஷ்ணகிரி லாரி பட்டறைக்குப் போனார். அங்கே கெட்டி ரப்பரில் லாரி ஃப்ளாப் வெட்டி, பெயிண்டில் எழுதித் தருகிறவர் முனீஸ்வரன்.

"பன்னெண்டு சக்கரமா சார், பதினாலா?"

"கார்தான்ணே."

முனீஸ்வரன் வெளியே வந்து வண்டியை ஒருமுறை சுற்றினார். "யானை சைஸ்ல கேக்குறீங்க. இது கன்னுக்குட்டி சார்."

"ஒரு சொட்டு சேறு தெறிக்கக் கூடாதுண்ணே. குடும்ப கௌரவம்."

"சரி, என்னா எழுதறது? கொழந்த பேரா, கொலசாமி பேரா? வெறும் ஃப்ளாப்ப இந்தப் பட்டறையில இருந்து வெளிய அனுப்பறதில்ல. அனுப்புனா அந்த வண்டி திரும்பி இங்கயே வருது, ஒடிஞ்சு போய்."

கமலக்கண்ணன் யோசித்தார். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. குலசாமி விருதுநகர்ப் பக்கம், இந்த மழையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. "சாமந்திப்பூ வரைஞ்சிருங்க," என்றார். "வெள்ளைச் சாமந்தி."

மாட்டுவதை மட்டும் தானே செய்வதென்று முடிவெடுத்தார். பம்ப் கம்பெனியில் அவர் தரப் பரிசோதகர். அடுத்தவன் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர். பக்கத்து வீட்டு மாதேஸ்வரனிடம் டிரில்லிங் மெஷின் இரவல் கேட்டார். கூடவே மாதேஸ்வரனும் வந்துவிட்டார். வீட்டில் கன்னடம், கம்பெனியில் தமிழ், கிண்டலுக்கு இரண்டும்.

"ஆகல்லா சார்," என்றார் மாதேஸ்வரன். ஆகாது என்றால் அவருக்குக் கன்னடம்தான் வரும். "தரைக்கும் ஃப்ளாப்புக்கும் நடுவுல விரல்கூடப் போகல."

"போகக் கூடாதுன்னுதானே மாட்டுறேன்."

"பொண்டாட்டிக்குப் பாவாட தச்சா மாதிரி இருக்குது."

கமலக்கண்ணன் காதில் வாங்கவில்லை. சேற்றில் மல்லாந்து படுத்து, துளை போட்டு, வாஷர் வைத்து, போல்ட்டை முறுக்கினார். நாலு சக்கரத்துக்குப் பின்னாலும் நாலு வெள்ளைச் சாமந்தி மலர்ந்தது. ஸ்கேல் வைத்து அளந்தார். இடதும் வலதும் இம்மி பிசகவில்லை. தனக்குத் தானே 'ஓகே' முத்திரை குத்திக்கொண்டார்.

கம்பெனியில் எந்தப் பையன் எதைக் கொண்டுவந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "லோடு குடுத்துப் பாத்தியா?" சொந்த வண்டியில் மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

லோடு வளைகாப்பு அன்று ஏறியது. சுகுணா, அவள் அம்மா பூவம்மாள், இரண்டு பெரியம்மாக்கள், கலவைச் சாத அண்டாக்கள், சீர்வரிசைத் தட்டுகள். வண்டியின் பின்பக்கம் 'அப்பாடா' என்று உட்கார்ந்தது. ஃப்ளாப்புகள் தரையைத் தொட்டன.

தளி ரோடு முழுக்க ஒரே சத்தம். சர்ர்ர்ரக்... சர்ர்ர்ரக்...

"யாரோ பின்னாலயே பெருக்கிக்கினு வர்றாங்க போல கீதே," என்றார் பெரிய பெரியம்மா.

"மாப்ளை நம்ம ஊருக்காக ரோட்ட சுத்தம் பண்றாரு, பேசாம வா," என்றார் பூவம்மாள். சுகுணா சிரிப்பை அடக்கியதில் வளையல்கள் குலுங்கின.

பஸ் நிறுத்தம் வந்தது. பூ வண்டியைத் தயாராக நிறுத்தியிருந்தான் பிரகாஷ். பாதையோரம் வழக்கம்போலக் கூடைகள். வழக்கம்போல வெள்ளைச் சாமந்தி. கமலக்கண்ணன் கண்ணாடியை இறக்கி, பின்சக்கரத்தைக் கையால் காட்டினார். பிரகாஷ் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு ஒதுங்கி நின்று, "போங்க மாமா," என்றான்.

செம்மண் குட்டைகள் ஒவ்வொன்றாக வந்தன. கமலக்கண்ணன் மூச்சுவிடவில்லை. கூடைகள் தாண்டின. கடைசிக் கூடையும் தாண்டியது. பின்னாலேயே நடந்து வந்த பிரகாஷ் ஒவ்வொரு கூடையையும் எட்டிப் பார்த்தான். ஒரு பூவில் ஒரு புள்ளி இல்லை. ஃப்ளாப்பில் முனீஸ்வரன் வரைந்த சாமந்திகள்தாம் அடையாளமே தெரியாமல் சேற்றில் புதைந்திருந்தன.

வாசலில் ஆரத்தி எடுத்து, சுகுணாவைக் கைபிடித்து இறக்கினார்கள். கமலக்கண்ணன் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு வாசலில் வண்டி நிறுத்தியதே இல்லை போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பிரகாஷ் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தான். ஃப்ளாப்பில் ஊற்றி, விரலால் துடைத்து, பூவை வெளியே எடுத்தான்.

"இத முன்னாடியே மாட்டியிருக்கலாமே மாமா. ஒரு வருசமா நடக்கவுட்டுட்டனே."

"நடந்ததுல தொந்தி குறைஞ்சது மாப்ள."

சாப்பாடு ஆனது. காலையில் ஷிஃப்ட், கிளம்ப வேண்டும். குழந்தை பிறந்து கொஞ்ச மாதம் ஆகும்வரை ஓசூர் வீட்டில் அவர் மட்டும்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. சுகுணாவும் கேட்கவில்லை, திண்பண்டம் கட்டிக் கொடுக்கிற சாக்கில் ஒரே பொட்டலத்தை மூன்றுமுறை பிரித்துக் கட்டினாள்.

"ரிவர்ஸ்ல வாங்க மாமா, நான் பாத்துக்கறேன். வாங்க, வாங்க, வாங்க..."

டப்.

பின்னால் போன சக்கரம், ஈரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஃப்ளாப்பின் மேல் ஏறி, போல்ட்டோடு பிய்த்துப் போட்டது. பதறிப்போய் நிறுத்தி, மறுபடி எடுத்தபோது அடுத்ததும் போனது. சாமந்திகள் இரண்டும் சேற்றில் மல்லாந்து கிடந்தன.

எல்லாரும் கூடிவிட்டார்கள். பூவம்மாள் முதலில் ஃப்ளாப்பைப் பார்த்தார். பிறகு மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு பிரகாஷைப் பார்த்தார்.

"ஏன்டா, ஃப்ளாப்பு இல்லாத வண்டி அந்தப் பாதையில போலாமா?"

பிரகாஷ் தாடையைத் தடவினான். "போகக் கூடாதும்மா. சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தான்."

"கூடையெல்லாம் எடுத்துட்டா..." என்று ஆரம்பித்தார் கமலக்கண்ணன்.

"எடுக்க மாட்டேன் மாமா. ரோடு காயட்டும்."

சுகுணா பொட்டலத்தை மெதுவாகப் பிரித்து, ஒரு முறுக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

கமலக்கண்ணன் சூப்பர்வைசருக்குப் போன் போட்டார். "சார், வண்டி ரிப்பேர். ஊருக்குள்ள மாட்டிக்கிட்டேன்."

"எப்ப சரியாகும்?"

அவர் முறுக்கைக் கடித்தபடி வானத்தைப் பார்த்தார். தளி மலைமேல் புதிதாக ஒரு கருமேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகான மேகத்தை அவர் பார்த்ததில்லை.

"மேல இருந்து தகவல் வரணும் சார்," என்றார்.